மயிலாப்பூரில் சொகுசு ஃபிளாட் வாடகைக்கு: புதிதாகத் தேடும் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓஎம்ஆர் பக்கம் 'லக்சுரி' என்றால் வாசலில் சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி, நீச்சல்குளம், ஜிம், கிளப்ஹவுஸ் எல்லாம் உண்டு. மயிலாப்பூரில் அதே வாடகைக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எட்டோ பத்தோ வீடுகள் கொண்ட நான்கைந்து மாடிக் கட்டடம், மார்பிள் தரை, மாடுலர் கிச்சன், எல்லா அறையிலும் ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர். பெரும்பாலும் அவ்வளவுதான்.

காரணம் எளிது. மாட வீதிகளைச் சுற்றி இருந்த திண்ணை வைத்த நீள வீடுகள் ஒவ்வொன்றாக 'ஜாயின்ட் வென்ச்சர்' என்ற பெயரில் பில்டர்களிடம் போயின. மனையைக் கொடுத்த குடும்பத்துக்குச் சில ஃபிளாட், பில்டர் விற்பதற்குச் சில ஃபிளாட். மனை சிறியது, தெருவோ குறுகல். கட்டடம் 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் ஹைரைஸ் கணக்கில் வந்துவிடும். அதற்கு அகலமான சாலை வேண்டும். அதனால்தான் இங்கே வானளாவிய கோபுரங்களைவிட ஸ்டில்ட்டின் மேல் நாலைந்து தளங்களாக நிற்கும் கட்டடங்களே அதிகம்.

அப்படியானால் கொடுக்கிற பணம் எதற்கு? பிள்ளை பள்ளிக்கு நடந்து போவதற்கு, தாத்தா சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்கு, கறிவேப்பிலை தீர்ந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வாங்கி வருவதற்கு. வாடகையில் பெரும்பங்கு தெருவுக்குப் போகிறது, வீட்டுக்குப் போவது மிச்சம்தான். ஆகவே தேடலும் தெருவிலிருந்தே தொடங்க வேண்டும். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். போட்டோவில் சோபாவையும் தொங்கும் விளக்கையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் காரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறார்கள்.

முதல் படி: எந்த மயிலாப்பூர் என்று முடிவு செய்யுங்கள்

விளம்பரத்தில் எல்லாமே 'ஹார்ட் ஆஃப் மயிலாப்பூர்'தான். ஆனால் ஊருக்குள் நாலைந்து ஊர் இருக்கிறது.

கபாலீஸ்வரர் கோயிலையும் குளத்தையும் சுற்றிய மாட வீதிகள், அவற்றிலிருந்து பிரியும் சந்துகள்: இதுதான் பழைய மயிலாப்பூர். நடந்து வாழ ஆசைப்படுபவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது. காரை நம்பி வாழ்பவர்களுக்குச் சோதனை. பூக்காரம்மா, காய்கறி வண்டி, மாடு, ஆட்டோ, எதிரே வரும் டெலிவரி பைக், அத்தனைக்கும் வழி விட்டுத்தான் கார் வாசலுக்கு வரும்.

லஸ் சர்ச் சாலைப் பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம். 1516-இல் போர்த்துகீசியர் எழுப்பிய லஸ் தேவாலயம் ஒருபுறம். அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் அமைந்த பூங்கா மறுபுறம். பழைய பங்களா மனைகள் பெரியவை என்பதால் ஃபிளாட்டுகளும் பெரிதாக இருக்கும். காலை நடைக்கும் குழந்தைகள் விளையாடவும் பூங்கா இருப்பது சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பெரிய வசதி. வாடகையும் அதற்கேற்பக் கூடுதலாகவே கேட்பார்கள்.

சாந்தோம் பக்கம் கடல்காற்று கிடைக்கும். செயின்ட் பீட்ஸ், ரோசரி பள்ளிகளில் பிள்ளைகள் படித்தால் வசதி. ஆனால் உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியையும் பால்கனிக் கம்பியையும் தின்றுவிடும். ஜன்னல் கிரில்லைச் சுரண்டிப் பார்த்தாலே தெரியும். மந்தைவெளியும் ராஜா அண்ணாமலைபுரமும் கொஞ்சம் விலகியவை, அமைதியானவை. அங்கிருந்து கோயிலுக்கு நடக்கலாமா, ஆட்டோ வேண்டுமா என்பது தெருவைப் பொறுத்தது.

பிள்ளைகளின் பள்ளி, வேலைக்குப் போகிறவரின் வழி, வீட்டுப் பெரியவரின் மருத்துவமனை, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மூன்றுக்கும் நடுவில் விழும் நாலைந்து தெருக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே எவ்வளவு அழகான வீடு வந்தாலும் பார்க்கப் போகாதீர்கள். பார்த்தால் ஆசை வரும்.

இரண்டாம் படி: தெருவுக்கு வெவ்வேறு நேரத்தில் போங்கள்

புரோக்கர் உங்களைக் கூட்டிப்போவது பெரும்பாலும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. அப்போது எல்லாத் தெருவும் சாதுவாகத்தான் இருக்கும். நீங்கள் போகவேண்டியது வேலைநாளில், பள்ளி தொடங்குகிற நேரத்தில். வேன்களும் ஆட்டோக்களும் தெருவை அடைத்து நிற்கும்போது பால்கனியில் நின்று பாருங்கள். பிறகு சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒருமுறை. பிரதோஷ நாளாக இருந்தால் இன்னும் நல்லது, கூட்டத்தின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

பங்குனிப் பெருவிழாவின் பத்து நாட்களும் மாட வீதிகள் கோயிலுக்குச் சொந்தம். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அறுபத்துமூவர் அன்று நாயன்மார்கள் பல்லக்குகளில் வரிசையாக வருவார்கள். ஊரே திரண்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கும். உங்கள் கார் அன்று வெளியே வராது. வெளியே இருந்தால் உள்ளே வராது. தை மாதம் தெப்பம், நவராத்திரிக்கு முன்பு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள், மார்கழியில் விடியுமுன் ஒலிபெருக்கி, மாலையில் பாரதிய வித்யா பவன் வாசலில் கச்சேரிக் கூட்டம். இதையெல்லாம் தொந்தரவு என்று நினைக்கிறவருக்கு இந்த இடம் ஒத்துவராது. இதற்காகவே வாடகை கூடக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் இரவுப்பணி முடித்து அதிகாலை வீடு திரும்பும் ஐடிக்காரருக்குக் கோயில் மதிலை ஒட்டிய ஃபிளாட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று மெட்ரோ. இரண்டாம் கட்டத் திட்டத்தில் திருமயிலை, இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் சுரங்க நிலையம். பறக்கும் ரயிலின், 1997 முதல் இயங்கும் திருமயிலை நிலையமும் அருகிலேயே. முடிந்தபின் இதைவிட வசதியான இடம் நகரில் குறைவு. வேலை நடக்கும்வரை தடுப்புத் தகடு, ஒருவழிப்பாதை, தூசி. பார்க்கிற வீட்டிலிருந்து மெட்ரோ வேலை நடக்கும் இடம் எவ்வளவு தூரம், தெரு எந்தத் திசையில் ஒருவழி ஆக்கப்பட்டிருக்கிறது என்பதை நேரில் ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தை நம்பாதீர்கள். போக்குவரத்து ஏற்பாடு அடிக்கடி மாறுகிறது.

மூன்றாம் படி: இஸ்திரிக்காரரிடம் பேசுங்கள்

புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது சென்னை வழக்கம். அதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள், எப்போது கொடுப்பது என்பதையும் சேர்த்து. ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் என்று சொல்லலாம், தப்பில்லை. ஒரே வீட்டை மூன்று புரோக்கர் காட்டுவார்கள். யார் முதலில் காட்டினார் என்று வாட்ஸப்பில் பதிவு இருக்கட்டும்.

ஆனால் புரோக்கர் சொல்லாததைச் சொல்கிறவர், மரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர். தெருவின் எல்லா வீட்டுத் துணியும் அவர் கையில் போய் வருகிறது. இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு நின்று பேசினால் போதும்.

"அண்ணே, அந்த கிரீம் கலர் பில்டிங்ல தண்ணி எப்படி?"

"மழைக்காலத்துல பிரச்சினை இல்ல சார். மே மாசம் லாரிதான்."

"மூணாவது மாடி காலியாமே?"

"ரெண்டு வருசத்துல மூணு குடித்தனம் மாறிடுச்சு சார்."

ஏன் என்று அவர் சொல்லமாட்டார். அதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்: அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனரா, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவா, அசோசியேஷனில் சண்டையா. எப்படியும் ஒரு காரணம் இருக்கும். பக்கத்து வீட்டு வாட்ச்மேன், அதே கட்டடத்தில் வேலை செய்யும் அம்மா, எதிர் மளிகைக் கடைக்காரர், இவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

நான்காம் படி: வீட்டுக்குள் என்ன பார்ப்பது

தண்ணீரில் தொடங்குங்கள். கடலோரம் என்பதால் போர் தண்ணீரில் உப்பு ஏறிய இடங்கள் இங்கு உண்டு. சமையலறைக் குழாயையும் குளியலறை ஷவரையும் திறந்து பாருங்கள். ஷவர் துளைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் கடினநீர். கையில் கொஞ்சம் சோப்புப் போட்டுத் தேயுங்கள். நுரை வராமல் பிசுபிசுத்தால் பிள்ளைகளின் தலைமுடியும் வாஷிங் மெஷினும் படப்போகும் பாடு புரிந்துவிடும். பிறகு நான்கு கேள்விகள்: மெட்ரோ வாட்டர் சம்ப் தனியா, போர் சம்ப் தனியா? மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள்? சாஃப்டனர் இருக்கிறதா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியாக வசூலிப்பார்களா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நகரமே லாரிக்குக் காத்து நின்றதை மறந்துவிட வேண்டாம். 'லக்சுரி' ஃபிளாட்காரர்களும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள்.

கோடைக்கு நேர் எதிர் டிசம்பர். 2015-லும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் இந்தக் கட்டடத்தின் ஸ்டில்ட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். வாட்ச்மேன் தூணில் கை வைத்து உயரம் காட்டுவார். அதே தூணில் ஈபி மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருவானால் இந்தக் கேள்விக்குக் கொசுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துத் தருவது ஓனர் பொறுப்பு என்று அப்போதே பேசிவிடலாம்.

அடுத்தது கார். 'கவர்டு கார் பார்க்கிங் உண்டு' என்ற வாக்கியத்துக்கு மயிலாப்பூரில் பல அர்த்தம். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஹேட்ச்பேக் மட்டும் நுழையும் இடம்; இன்னொருவர் காருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கும் ஏற்பாடு; சில இடங்களில் காரை மேலே தூக்கி வைக்கும் இயந்திரம். வீடு பார்க்கப் போகும்போது உங்கள் சொந்தக் காரிலேயே போங்கள். உங்களுக்கான இடத்தில் நிறுத்திப் பாருங்கள், நான்கு கதவும் திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு ரிவர்ஸில் தெருவுக்கு வாருங்கள். இந்தப் பத்து நிமிடப் பரீட்சையில் பாதி வீடுகள் தேறாது.

லிஃப்ட்டில் உரிமச் சான்று ஒட்டியிருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சிறிய மனைகளில் லிஃப்ட்டும் சிறிது. வீல்சேர் நுழையுமா? பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது மார்பிள் தரையைவிட முக்கியம். அந்த மார்பிள் தரையும் ஈரமானால் வழுக்கும் என்பதை அவர்கள் சார்பில் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பரப்பளவில் ஏமாறுவது சுலபம். விளம்பரத்தில் 1,800 சதுர அடி என்று இருந்தால் அது மாடிப்படி, லிஃப்ட், வராந்தா பங்கெல்லாம் சேர்ந்த சூப்பர் பில்டப் கணக்கு. உள்ளே கால் வைக்கிற இடம் அதில் முக்கால்வாசி இருந்தால் நல்லது. டேப் கொண்டுபோய்ப் படுக்கையறைகளை மட்டுமாவது அளந்துவிடுங்கள். பூஜையறை, வேலைக்காரம்மா பாத்திரம் தேய்க்க யுட்டிலிட்டி, துணி காயவைக்க வெயில் படும் இடம் ஆகிய மூன்றும் போட்டோவில் தெரியாது. பக்கத்து மனையில் பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடந்தால், அது இடிபடும் நாள் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை வருடம் கட்டட வேலை நடக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஓனர் உங்களைப் பார்ப்பார்

நீங்கள் வீட்டைப் பார்த்தாயிற்று. இனி அவர் முறை. எங்கே வேலை, எத்தனை பேர், சொந்த ஊர் எது. இதோடு நிற்கமாட்டார்கள். 'சைவம் மட்டும்' என்பது இங்கே பல வீடுகளில் வெளிப்படையான நிபந்தனை. சில இடங்களில் அது சாதியைக் கேட்பதற்கான நாசூக்கான வழி. இது எனக்கு உவப்பானதில்லை. ஆனால் இல்லை என்று சொல்லி உங்களை அனுப்புவது சரியாகாது. முட்டைகூட வீட்டில் சமைக்கும் குடும்பம் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக் குடியேறி, பிறகு ஆம்லெட் வாசனைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வதற்கு லட்ச ரூபாய் வாடகை எதற்கு? கேட்காத ஓனர்களும் தாராளமாக இருக்கிறார்கள், குறிப்பாக லஸ், சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம் பக்கங்களில். நாய் வளர்ப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆறாம் படி: பேரம்

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் ஃபிளாட்டின் ஓனர் கொஞ்சம் இறங்கி வருவார். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாற்றத்துக்காக வீடு தேடும் கூட்டம் வந்துவிடும், அப்போது பேரம் படியாது. உங்களுக்கு ஆடி பற்றிய கவலை இல்லையென்றால் அதுதான் உங்கள் பலம். கவலை இருந்தால், ஆனி கடைசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை மெதுவாகக் கொண்டுவரும் வழி இருக்கவே இருக்கிறது.

வாடகையைக் குறைக்க மறுக்கிறவர்கூட வேறு வகையில் இணங்குவார்: மெயின்டனன்ஸை வாடகைக்குள் சேர்ப்பது, சாஃப்டனர் போட்டுக் கொடுப்பது, வருட உயர்வைப் பத்து சதவீதத்திலிருந்து ஐந்தாக்குவது. மூன்று வருடம் இருக்க நினைக்கும் குடும்பத்துக்குக் கடைசியாகச் சொன்னதே பெரிய லாபம்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

நூறு ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுவது பழைய வழக்கம். ஒரு வருடத்தைத் தாண்டிய குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பதினொரு மாதம் அது. இப்போது அது மட்டும் போதாது. வாடகைதாரர், உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை அரசின் இணையதளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு பதிவு எண் வரும். நாளை தகராறு என்று போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று ஓனர் இழுத்தால், இழுப்பதற்கான காரணத்தை யோசியுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்ற வாசலையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. ஆறு மாதமும் பத்து மாதமும் கேட்கிறவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். கையெழுத்துப் போடும்வரைதான் மூன்று மாதத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு வலு உண்டு.

பழுது யார் செலவு என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையே இருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை ஓனருக்கு. வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், சமையலறைச் சில்லறைப் பழுது ஆகியவை உங்களுக்கு. ஆனால் சொகுசு ஃபிளாட்டில் சாமானே லட்சக்கணக்கில் இருக்கும்: ஐந்து ஏசி, சிம்னி, ஹாப், இன்வெர்ட்டர். கேஸ் நிரப்புவது யார், கம்ப்ரஸர் போனால் யார் என்பதைத் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றின் பிராண்டும் நிலையும் படத்தோடு இணைப்பாக வேண்டும்.

இவை தவிர, விடக்கூடாத வரிகள்: பார்க்கிங் எண், நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமம், லாக்-இன் இருந்தால் அது ஓனரையும் கட்டுப்படுத்தும், வீட்டைப் பார்க்க வருவதானால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது சட்டத்திலேயே உள்ளது. ஆனாலும் மாடியில் குடியிருக்கும் ஓனர் 'சும்மா மோட்டார் பாக்க வந்தேன்' என்று நுழையும்போது, ஒப்பந்தத்தில் இருந்தால் சொல்லச் சௌகரியம்.

எட்டாம் படி: வரி

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளக்காரராக இருந்தாலும் நீங்கள் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் விகிதம் 2 சதவீதம். மாதம் 90,000 என்றால் ஆண்டுக்கு 10,80,000. பிடிக்க வேண்டியது 21,600. நிதியாண்டின் கடைசி மாத வாடகையிலோ, நடுவில் காலி செய்தால் அந்தக் கடைசி மாதத்திலோ கழித்து, ஓனரின் பான் எண்ணைக் குறிப்பிட்டு வருமான வரித்துறைக்குக் கட்டலாம்.

இங்கே மயிலாப்பூருக்கே உரிய ஒரு சிக்கல். பிள்ளைகள் அமெரிக்காவில், ஃபிளாட் அவர்கள் பெயரில், வாடகையைப் பேசுவது இங்கே இருக்கும் அப்பா. ஓனர் வரிச்சட்டப்படி என்ஆர்ஐ என்றால் அந்த 2 சதவீதக் கணக்கே பொருந்தாது. வாடகை எவ்வளவு குறைவானாலும் ஒவ்வொரு மாதமும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டியது நீங்கள். தவறினால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், நியூஜெர்சிக்குப் போகாது. 'அப்பா அக்கவுன்டுல போடுங்க' என்பது இதற்கு விடையல்ல. ஒப்பந்தத்தில் யார் பெயர், அவர் ரெசிடென்டா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: குடியேறுவது

சாமான் வண்டி மாட வீதிச் சந்துக்குள் வராது என்றால் சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு முன்போ மதியம் ஒன்று முதல் மூன்று வரையோ வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் செக்ரட்டரியிடம் முன்தினமே சொன்னால் லிஃப்ட்டுக்குப் பலகை அடித்துத் தருவார்கள். சொல்லாவிட்டால் முதல் நாளே மனஸ்தாபம். ஈபி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால் பழைய குடித்தனக்காரரின் ஏசி யூனிட்டுகள் உங்கள் பில்லில் ஏறிவிடும்.

பத்தாம் படி: காலி செய்யும்போது

நோட்டீஸை வாட்ஸப்போடு ஈமெயிலிலும் கொடுங்கள். காலி செய்தபின் நியாயமான பிடித்தங்கள் போக அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று கழிப்பது சென்னைப் பழக்கம். அட்டவணைப்படி வெள்ளையடிப்பது ஓனர் செலவு. ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. குடியேறிய அன்று எடுத்த வீடியோவைப் போட்டுக்கொண்டே அறை அறையாக ஓனருடன் நடங்கள். குறைகளையும் தொகையையும் அங்கேயே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மிச்சத் தொகைக்குத் தேதி போட்டு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். தேதி போடாமல் சாவி கைமாறக் கூடாது.